மரங்கொத்தி அடித்த பெயர்

எங்கள் மாமனாரின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை கேட்டுவிட்டு அப்புறம் என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. அவர் பெயர் மட்டுமா, அவர் தம்பிமார் பெயரும்தான். அதில் ஒருவருக்கு விறகு பிளக்கும் ஆயுதத்தின் பெயரை வைத்துத் தொலைத்துவிட்டார்கள். அதனால் அந்த ஆயுதத்தையே நான் ‘அந்தப் பிளக்குறது’ என்றுதான் இத்தனை வருஷமாகக் கேட்டு வாங்குகிறேன். எங்கள் ஆத்-பாஷி மலைப் பக்கத்தில் பெண்ணாகப் பிறந்தால் பாதி அகராதியை அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

மாமனாரை நாங்கள் அத்தா என்போம், மாமியாரை எனே. சொல்ல வந்தது என் ஓரகத்தி பூருலைப் பற்றி. என் கணவரின் கடைசித் தம்பி மிர்பெக்கின் மனைவி. கடைசிப் பிள்ளைதான் தாய்தகப்பனோடு இருக்க வேண்டும் என்பது எங்கள் முறை. அதனால் அவர்கள் பெரிய வீட்டில். நான் முற்றத்துக்கு இந்தப் பக்கம், சுவரை ஒட்டி. என் காதுக்குத் தப்பி அங்கே ஒரு கிண்ணம்கூட உடையாது.

மிர்பெக் பிஷ்கெக் நகரத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது. உடம்பு பிடித்துவிடும் நிலையம் ஒன்றுக்குப் போனான். அங்கே வேலை பார்த்தவள்தான் பூருல். முதுகைப் பிடித்துவிடப் போனவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தான். கைக்குழந்தையாக இருக்கும்போது வந்த அம்மையில் அவளுக்கு இரண்டு கண்ணும் போயிருந்தன.

“எனக்கு மருமகளா, இல்ல நான் அவளுக்கு மருமகளா?” என்று எனே மூக்கைச் சிந்தினார். “அடுப்பு எது, தொட்டில் எதுன்னு அவளுக்கு யாருடா காட்டுறது?”

“நீங்க ஊதுற புகையில எங்க யாருக்குமே அடுப்பு தெரியறதில்லம்மா. அவ எங்களைவிடத் தேவலை” என்றான் மிர்பெக்.

புது மருமகள் மாமனார் வரும்போதெல்லாம் குனிந்து வணங்க வேண்டும். அவருக்கு முதுகைக் காட்டக் கூடாது, எதிரே காலை நீட்டக் கூடாது, கை படக் கூடாது. பூருல் எல்லாவற்றையும் செய்தாள். காலடி ஓசையை வைத்தே கணக்காகக் குனிவாள். ஒருநாள் அத்தா கம்பளிக் காலுறையோடு ஓசைப்படாமல் வந்து உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு எங்கிருந்தோ மூச்சு கேட்டிருக்கிறது. கொதித்துக்கொண்டிருந்த தேநீர்ச் சமோவாருக்கு மிகுந்த மரியாதையோடு ஒரு வணக்கம் வைத்தாள். நான் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த போர்சோக் பலகாரம் தொண்டையில் மாட்டிக்கொண்டது. அத்தா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து வாசலில் நின்று ஒருமுறை இருமிவிட்டுத்தான் உள்ளே வருவார். டிராக்டர் ஓட்டிய முரட்டு மனிதர், யாருக்காகவும் எதையும் மாற்றிக்கொள்ளாதவர், மருமகளுக்காக ஓர் இருமலைப் பழகிக்கொண்டார்.

பூருலோடு ஒரு பெட்டியும் வந்தது. சீதனப் பெட்டி என்று நினைத்து எனே ஆவலாகத் திறந்தார். உள்ளே ஒரு எந்திரம். பிரெய்ல் அச்சடிப்பது. மடிக்கணினியில் அவள் தட்டினால், இது கெட்டித் தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தித் தள்ளும். தூக்கிக்கொண்டு பஸ் ஏறலாம். ஏறினால் அடுத்த நாள் தோள்பட்டையும் அவளே பிடித்துவிட வேண்டும், அவ்வளவு கனம். பார்வையில்லாதோர் சங்கத்தில், மலைப்பக்கம் உள்ள பிள்ளைகளுக்கென்று அவளிடம் கொடுத்திருந்தார்கள். அவள் வேலையே அதுதான். மிர்பெக்கின் ஓட்டைக் காரில் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகப் போவாள். எந்த வீட்டில் பார்வையில்லாத பிள்ளை இருந்தாலும் அங்கேயே, அந்த அடுப்படியிலேயே பெட்டியைத் திறந்து, பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் படிக்கும் அதே பாடத்தை அந்தப் பிள்ளையின் கைக்கு அடித்துக் கொடுப்பாள். அங்கே கரண்ட் இல்லாவிட்டால் காரிலிருந்தே மின்சாரம் எடுப்பாள்.

எந்திரம் ஓடினால் மேசையிலிருக்கும் கிண்ணங்கள் ஆடும். அதனால் அடியில் மடித்த கம்பளம் போடுவோம். டக்டக்கென்று அந்தச் சத்தம் முற்றம் தாண்டிக் கேட்கும். எங்கள் வீட்டில் அதற்கு மரங்கொத்தி என்று பெயர்.

அவள் வந்து சில வருஷம் கழித்து அத்தாவின் கண்ணுக்குள் நீரழுத்தம் ஏறியது. நகரத்துக்குக் கொண்டுபோனோம், அறுவை செய்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. முதலில் ஓரம் போயிற்று, பிறகு நடுவும் போயிற்று.

அத்தாவைப் பற்றி ஒன்று தெரிய வேண்டும். அவர் படிக்கிற மனிதர். கோடையில் மேய்ச்சல் நிலத்துக்குக் குதிரைகளோடு ஏறும்போது மற்றவர்கள் மாவு மூட்டை ஏற்றினால் இவர் புத்தகப் பெட்டியை ஏற்றுவார். மகாயுத்தத்திலிருந்து தேனீ வளர்ப்புவரை, கிடைத்த எதையும் விடமாட்டார். பிடித்த பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பார். கண் போனதும் மகன்கள் நல்ல ரேடியோ ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். என் கணவர் பத்திரிகை படித்துக் காட்டினார்.

“ரேடியோ யாருக்கோ பேசுது” என்றார் அத்தா என்னிடம். “இங்க நில்லுன்னா நிக்காது, திரும்பச் சொல்லுன்னா சொல்லாது. ஒன் புருஷன் இருக்கானே, அவன் படிச்சா செத்த வீட்டு ஓதல் மாதிரி இருக்கு. எனக்கு நானே படிச்சாத்தான் படிப்பு.”

பிறகு அவர் பேச்சும் குறைந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். எங்கள் ஊரில் ஆண்பிள்ளை சுவர் பக்கம் திரும்பினால் நல்லதற்கில்லை. எனே அடுப்படியில் அழுவார், அவருக்குக் கேட்காதென்று நினைத்துக்கொண்டு.

பூருல்தான் ஆரம்பித்தாள். “நான் அத்தாவுக்குப் பிரெய்ல் சொல்லித் தரேன்.”

“எப்படிடி சொல்லித் தருவே?” என்றேன். “அவர் விரலைப் பிடிச்சு வெக்கணுமே.”

அங்கேதான் சிக்கல். மருமகள் மாமனாரின் விரலைப் பிடிப்பதா? நான் ஒன்றும் பழங்காலத்து ஆளில்லை, கைப்பேசியில் எல்லாம் பார்க்கிறேன். ஆனால் எனக்கே நினைத்தால் உடம்பு கூசியது. மிர்பெக்குக்குப் பிரெய்ல் தெரியாது, கற்றுக்கொள்ளும் பொறுமையும் கிடையாது. எனவே எனே நடுவில் உட்கார்ந்தார். பூருல் எனேயின் விரலைப் பிடித்துத் தாளில் வைப்பாள், எனே அத்தாவின் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைப்பார். அதே இடத்தில் எங்கே வைத்தார்? ஒருநாள் கிண்ணத்தின் அடியில் வைத்தார், ஒருநாள் மேசை விளிம்பில்.

“இதுதான்னு அவ சொன்னா” என்பார் எனே.

“இது ஆணி” என்பார் அத்தா.

சண்டை முற்றி, எனே தலைக்குட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விட்டார். அன்று மாலை முழுக்க மரங்கொத்தி கொத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் பூருல் செய்ததைப் பார்த்து நான் பால் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரே பக்கத்தை அவள் இரண்டாக அடித்திருந்தாள். ஒரு தாள் அத்தாவின் மடியில், பலகை மேல். இன்னொன்று வாசற்படியில் மண்டியிட்டு உட்கார்ந்த இவள் மடியில். நடுவில் அறை முழுக்க இடைவெளி. “அத்தா, மேல்வரி, இடது ஓரத்துல ஆரம்பிங்க. அங்க ஒரு புள்ளி தட்டுப்படும். அதுக்குப் பக்கத்துல ஒரு வெற்றிடம். அதையும் தாண்டுங்க” என்றாள். இவள் விரல் இவள் தாளில் நகர, அவர் விரல் அவர் தாளில் நகர்ந்தது. எந்திரம் அடித்ததாயிற்றே, ஒரு புள்ளி பிசகாது. இரண்டு பார்வையில்லாதவர்கள், ஒருவரை ஒருவர் தொடாமல், அறையின் இரண்டு கோடியில் ஒரே எழுத்தின்மேல் விரல் வைத்திருந்தார்கள். கண் உள்ளவள் நான் ஒருத்திதான் அங்கே இருந்தேன். எனக்கு மட்டும்தான் ஒன்றும் படிக்கத் தெரியவில்லை.

“புரிஞ்சுதுன்னா இருமுங்க அத்தா” என்றாள்.

அத்தா இருமினார்.

அந்த இலையுதிர் காலம் முழுக்க அந்த வீட்டில் இருமல் கேட்டது. அவருடைய விரல்நுனி குதிரைக் குளம்பு. மோர்த்தண்ணீரைச் சூடாக்கி விரல்களை ஊறவைக்கச் சொன்னாள், ஆட்டுவால் கொழுப்பைத் தடவச் சொன்னாள். எனே தினமும் செய்தார், அதை மட்டும் சண்டையில்லாமல் செய்தார். பூருல் எழுத்துகளை வரிசைப்படி சொல்லித் தரவில்லை. கடைசியில் வருவதை முதலில், நடுவில் வருவதைப் பிறகு என்று தாறுமாறாகத் தந்தாள்.

“பள்ளிக்கூடத்துல இப்படியா சொல்லித் தராங்க?” என்று அத்தா முணுமுணுத்தார்.

“இது என் பள்ளிக்கூடம் அத்தா” என்றாள் அவள். மாமனாரிடம் இப்படிப் பேசிய மருமகளை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் விரலை அடுத்த வரிக்குக் கொண்டுபோனார்.

குளிர் இறங்கியபோது, முழுச் சொற்கள் உள்ள முதல் பக்கம் தயாரானது. எப்போதும்போல் இரண்டு தாள்கள். எனேதான் தடுத்தார். “முழு வார்த்தை படிக்கறதுன்னா வெள்ளிக்கிழமை படிக்கட்டும், நல்ல நாள்” என்று அத்தாவின் தாளை வாங்கி வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அத்தா குளித்து, நல்ல தொப்பி அணிந்து உட்கார்ந்தார். பூருல் வாசலில். என் கணவரும் மிர்பெக்கும்கூட வந்து நின்றார்கள். “மேல்வரி அத்தா” என்றாள். அத்தா தடவினார். திரும்பத் தடவினார். வரி எங்கே என்றே அவருக்குத் தெரியவில்லை. அவள் தன் தாளில் விரலை வைத்துக்கொண்டு, “ஓரத்துல இருந்து வாங்க, தெளிவா இருக்கு” என்கிறாள். அவருக்கு வெறும் தாள். நெற்றியில் வேர்த்துவிட்டது. மகன்கள் முன்னால் அது எப்படி இருந்திருக்கும்?

“விரலும் செத்துப் போச்சு” என்றார். தாளைத் தள்ளிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பினார்.

மறுநாள் அறையைப் பெருக்கப் போன நான் தாளை எடுத்துப் பூருலிடம் கொடுத்தேன். அவள் ஒருமுறைதான் தடவினாள். “அக்கா, இது மேல யாரு படுத்துத் தூங்கினது?”

“யாரும் தூங்கல” என்றார் எனே. “எழுத்து இருக்கற தாள், கண்ட இடத்துல வெக்கலாமா? மெத்தை அடுக்குக்கு அடியில மரியாதையாத்தான் வெச்சேன்.”

எங்கள் வீட்டு மெத்தை அடுக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எனேயின் சீதனம், என் சீதனம், செத்துப்போனவர்களின் சீதனம் எல்லாம் பெட்டியின்மேல் கூரைவரை அடுக்கியிருக்கும். எதை மதிக்கிறோமோ அதை அதற்கு அடியில்தான் வைப்போம். அந்தப் பாரத்தில் புள்ளிகள் அத்தனையும் நசுங்கி, தாள் இஸ்திரி போட்டதுபோல் ஆகியிருந்தது. யாரைக் குறை சொல்ல? மரியாதை வைத்தே கொன்றுவிட்டார்.

மூன்று பேரும் ஓடிப்போய் அத்தாவிடம் சொன்னோம். அவர் நம்பவில்லை.

“கிழவனைத் தேத்தறதுக்கு மூணு பொம்பளைங்க சேர்ந்து கதை கட்டாதீங்க” என்றார். “இத்தனை நாளும் நான் என்னத்தப் படிச்சேன்? அவ இன்ன எழுத்துன்னு சொல்லுவா, நான் இருமுவேன். குதிரைகிட்ட சொன்னா அதுகூடக் கனைக்கும்.”

பிறகு மிர்பெக்கைக் கூப்பிட்டார். புத்தகப் பெட்டியைக் கொண்டுவந்து அடுப்புப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். “இந்தக் குளிருக்கு அதாவது எரியட்டும்” என்றார்.

மிர்பெக் பெட்டியைக் கொண்டுவந்தான். அப்பா சொன்னால் செய்ய வேண்டும், வேறு வழியில்லை. எனே வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அந்தப் பெட்டி எரிந்துவிட்டால் அத்தா அந்தச் சுவரிலிருந்து திரும்பவே மாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

“அத்தா” என்றாள் பூருல் வாசலிலிருந்து. “ஒரு தேத்தண்ணி குடிக்கற நேரம் குடுங்க. அப்புறம் நானே கொள்ளி எடுத்துத் தரேன்.”

எனே சட்டென்று தேநீர் ஊற்றினார், கிண்ணம் நிறைய, உப்புப் போட்டு, ஆற நேரம் பிடிக்கும்படி.

காலையிலிருந்தே கரண்ட் இல்லை. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன், அவள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டாள். முற்றத்தில் முழங்கால்வரை பனி. காரில் உட்கார்ந்து எந்திரத்தைப் பின்சீட்டில் வைத்தோம். மடிக்கணினி அவள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் சத்தமாகச் சொல்லும், அவளுக்கு அதுதான் கண். அதன் குரலை அவள் நிறுத்தினாள்.

“ஏன்டி நிறுத்தறே? தப்பா அடிச்சா எப்படித் தெரியும்?”

“நான் அடிக்கப் போறதை இது சத்தமா சொல்லக் கூடாதுக்கா.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. காதுமடல்கூடச் சூடாகிவிட்டது.

“அடிப் பாவி. அவர் பேரையா?”

“ஆமா.”

“மருமக மாமனார் பேரைச் சொல்றதா? நாக்கு அழுகிடும்டி.”

“நாக்காலதான் சொல்லக் கூடாது. விரலைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லிட்டுப் போகலையே. யோசிச்சுப் பாருங்கக்கா. வேற எந்த வார்த்தைய அடிச்சாலும் நாம முன்னாடியே காதுல ஓதிட்டோம்பாரு. இந்த ஒரு வார்த்தைய இந்த வீட்டுல எந்தப் பொம்பளையும் அவருக்குச் சொல்லிக் குடுக்க முடியாது. அது அவருக்கே தெரியும்.”

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் அதிகம் என்று ஊரே சொல்லும். அன்று எந்திரம் ஆடாமலிருக்க அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் விரல்கள் சத்தமில்லாத பொத்தான்கள்மேல் ஒவ்வொன்றாகப் போயின. குரல் இல்லாமல் தட்டுவது அவளுக்கு இருட்டில் நடப்பதுபோல. முடித்ததும் அவள் உதடு இறுகியிருந்தது, தவறியும் அசைந்துவிடாதபடி. மரங்கொத்தி ஒரு வரிதான் கொத்தியது. தாளை எடுத்து அவள் ஒருமுறை தடவினாள், தலையைக் குனிந்துகொண்டாள். தாளுக்கு முன்னாலும் வணங்குகிறாளே என்று நினைத்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரொட்டி வைக்கும் பலகையில் தாளை வைத்து, மேலே பனி விழாமல் என் தலைக்குட்டையால் மூடி நான்தான் கொண்டுபோனேன். மிர்பெக் வாங்கி அப்பாவின் மடியில் வைத்தான். தேநீர் கிண்ணம் காலியாகியிருந்தது.

பூருல் வாசலில் மண்டியிட்டாள். “அத்தா, இன்னைக்கு என் கையில தாள் இல்ல. ஒரே ஒரு வார்த்தை. நான் எதுவும் சொல்ல மாட்டேன். சொல்லவும் முடியாது.”

அவர் அசையவில்லை. எனே விறகை அடுப்பில் திணித்த சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தக் கனத்த கை தாளின்மேல் இறங்கியது. வரியைத் தேடி அலைந்தது. நின்றது.

முதல் எழுத்தைச் சொன்னார். அதையும் நான் சொல்ல மாட்டேன். இரண்டாவதைச் சொன்னார், சந்தேகத்தோடு. மூன்றாவதில் விரல் நெடுநேரம் கிடந்தது, மேலும் கீழும் தடவியது. அதையும் சொன்னார். அதற்குப் பிறகு எழுத்தைச் சொல்லவில்லை. விரல் மட்டும் நகர்ந்தது. அவர் முகம் சுவரிலிருந்து திரும்பி வாசல் பக்கம் வந்தது.

“என் பேரு ஒன் வாயில கோத்து வந்துடக் கூடாதுன்னுதான் எழுத்தெல்லாம் தாறுமாறா சொல்லிக் குடுத்தியா?” என்றார்.

பூருல் இருமினாள்.

அத்தா தன் பெயரைச் சொன்னார். சத்தமாக, முழுசாகச் சொன்னார்.

மனைவி சொல்லமாட்டாள், மருமகள்கள் சொல்லமாட்டோம், பிள்ளைகளுக்கு அப்பா, ஊருக்குப் பெரியவர். அவரைப் பெயர்சொல்லிக் கூப்பிட்ட கடைசி மனிதர் அவருடைய அண்ணன், அவரும் மண்ணுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கூரைக்குக் கீழே அந்தப் பெயர் கேட்டதே இல்லை. எனே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அல்லாவின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், ஒரு மனிதர் எங்கிருந்தோ வீடு திரும்பி வாசலில் நின்று தான் இன்னார் என்று சொன்னதுபோல் இருந்தது.

மிர்பெக் ஓசையில்லாமல் புத்தகப் பெட்டியை அடுப்பிலிருந்து நகர்த்தினான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. அத்தா விரலைத் தூக்கி, இடது ஓரத்துக்குக் கொண்டுபோய், முதலிலிருந்து திரும்பப் படித்தார்.

அந்தத் தாள் இப்போதும் சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது, மெத்தை அடுக்குக்கு எட்டாத உயரத்தில். பெயர் என்னவென்று தெரிய வேண்டுமானால் வந்து தடவிப் பாருங்கள். என்னைக் கேட்காதீர்கள்.